படைக்காத கடவுளுக்கு ஒரு வாழ்த்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோராம் ஆண்டில் எடுத்த குடிக்கணக்கு அவளை இப்படி விவரித்தது: ஜோசஃபின். பெண். வயது முப்பத்தைந்து. ரோமன் கத்தோலிக்கர். மணமாகாதவர். தொழில் இல்லை, தம்பியை அண்டி வாழ்பவர். எழுத்தறிவு இல்லை.

இதில் பெண் என்பது சரி. மணமாகாதவர் என்பதும் ஏறக்குறைய சரி. வயது, தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டு உத்தேசமாகச் சொன்னது. ரோமன் கத்தோலிக்கர் என்பதில் சில ஆண்டுகளுக்குப் பிறகு அவளுடைய பங்குச்சாமியாருக்கே சங்கடம் ஏற்பட்டது. கடைசி இரண்டும் முழுத் தவறு. ஆனால் கணக்கெடுக்க வந்தவரைக் குறை சொல்ல முடியாது. அவர் விதிப்படிதான் கேட்டார்.

வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அரசாங்கம் இந்த வேலையையும் அவர் தலையில் கட்டியிருந்தது. பெங்களூர் ஜீவனஹள்ளியில் தம்பி ரெமிஜியஸ் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, இன்னொருவர் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் கேட்டார்.

"உங்க அக்காவுக்குப் படிப்பு உண்டா?"

"அது இன்னா, நல்லாவே படிக்கும் சார்," என்றான் ரெமிஜியஸ். குதிரைச் சேணம் தைக்கிற பட்டறையில் வேலை பார்ப்பவன்; கை முழுக்கத் தோல் வாசனை.

"அப்படிப் பொதுவாச் சொல்லக் கூடாது. சட்டம் இருக்கு. ஏம்மா, ஒரு சிநேகிதருக்குக் கடுதாசி எழுதி, அவர் போடற பதிலைப் படிக்க வருமா?"

முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஜோசஃபின் முறத்தை நிறுத்தி யோசித்தாள். எந்தக் கேள்விக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும் என்று கன்னியாஸ்திரீகள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"எழுதலாம் சார். ஆனா எனக்கு அப்படி யாரும் இல்லீங்களே."

"பதில் வராதா?"

"வராதுங்க."

வாத்தியார் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். ரெமிஜியஸின் மனைவி கேத்தரின் அடுப்படியிலிருந்து சிரித்தாள். "அய்ய, எங்கக்கா படிக்கிற படிப்பெல்லாம் அல்சூர்ல ஐயமாரு வூட்டு ஜன்னலுக்குத்தான் தெரியும்!"

அந்த ஜன்னலைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

ஜோசஃபினுக்கு ஒரு காலத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஊரில் பிளேக் வந்த வருஷம் அவளுடைய தாய் செத்தாள். மாப்பிள்ளை ஊரைவிட்டு ஓடிக் கோலார் தங்கவயலுக்குப் போனான். அங்கே இறந்துபோனான் என்று ஒருவர் செய்தி கொண்டுவந்தார். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று இன்னொருவர் கொண்டுவந்தார். துக்கப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் அவள் இரண்டையும் விட்டுவிட்டு, கன்னியர் மடத்தில் கற்ற லேஸ் பின்னலைக் கையில் எடுத்தாள். தம்பி வீட்டில் அவளுக்குச் சமையலறைக்குப் பின்னால் ஓர் இடம் இருந்தது. அவளை யாரும் விரட்டவில்லை. அவள் வரவில்லையே என்று யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை.

அல்சூரில் ஜெயலக்ஷ்மி என்ற ஐயங்கார்ப் பெண்ணுக்கு லேஸ் கற்றுக்கொடுக்கப் போனாள். வெராண்டாவில் ஒரு பிரம்பு நாற்காலி அவளுக்காகப் போட்டிருக்கும். ஜன்னல் விளிம்பில் அவளுக்கென்று ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். வாசற்படியைத் தாண்டி அவள் வருவதில்லை. வா என்று யாரும் சொன்னதுமில்லை. ஜன்னலுக்கு உட்புறம் ஜெயலக்ஷ்மியின் மாமனார் தேசிகன் ஒரு சாய்வு நாற்காலியில் இருப்பார்.

தேசிகன் மைசூர் சமஸ்தானத்தில் முஜராய் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். கோயில்களை மேற்பார்வை பார்க்கும் இலாகா அது. விளக்கு எரிகிறதா, அர்ச்சகர் நேரத்துக்கு வருகிறாரா, நைவேத்தியத்தில் நெய் இருக்கிறதா என்று மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவர். ஏதோ ஒரு மலைக்கோயிலில் தேர் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது பெங்களூரில் பிளேக்கில் அவர் மனைவி போய்விட்டாள். செய்தி அவரைத் தேடி அலைந்து சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகும் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகு மட்டும் சொன்னார்: "இத்தனை வருஷம் பெருமாளுக்கு நான் ஆஜர் எடுத்திருக்கேன். ஒரு நாளும் அவர் வந்திருந்ததாத் தெரியலே."

வீட்டில் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர் மேற்கொண்டு பேசவில்லை. பூஜையறைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டுப் பழைய தமிழ் நீதி நூல்களைப் படிக்க உட்கார்ந்தார். கடவுளை விட்டுவிட்டு நன்மையை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்ப்பது அவருடைய உத்தேசமாக இருந்திருக்கலாம். கொஞ்ச நாளில் கண் மங்கியது. புத்தகத்தை மூக்கில் ஒட்டிவைத்துப் படித்தார். பிறகு அதுவும் முடியவில்லை.

"இந்த ஆத்துல யாருக்காவது தமிழ் வாசிக்க வருமா?" என்று ஒரு நாள் கூடத்தைப் பார்த்துக் கேட்டார்.

மகன் ரங்கா இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எனக்குக் கன்னட எழுத்துதான் வரும் அப்பா," என்றாள் ஜெயலக்ஷ்மி. "ஸ்வல்ப இங்கிலீஷ்."

ஜன்னலுக்கு வெளியேயிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கு வருங்க ஐயா."

அன்றைக்கே கம்பிகளுக்கிடையே ஒரு புத்தகம் வெளியே வந்தது. ஏதோ ஒரு காலத்துச் சமண முனிவர் ஒருவர் எழுதிய நீதி நூல். ஜோசஃபின் முதல் பக்கத்தைப் பார்த்தாள், திருப்பினாள், இரண்டாவது பக்கத்திலிருந்து நல்ல கணீரென்ற குரலில் தொடங்கினாள்.

"இரு, இரு. முதல் பாட்டு எங்கே?"

"அது சாமிப் பாட்டுங்க."

"சாமிப் பாட்டுதான். கடவுள் வாழ்த்து. அதை விட்டுட்டு எப்படி ஆரம்பிக்கிறது?"

"நாங்க வேற சாமியை வாழ்த்தக் கூடாதுங்க ஐயா. வேதக் கட்டளை பத்துல முதல் கற்பனையே அதான்."

"எனக்கு மட்டும் அது சொந்த சாமியா? நான் ஐயங்கார். அது சமணாளோட சாமி."

"அப்ப நல்லதாப் போச்சு, ரெண்டு பேருக்கும் வேணாம். விட்டுடலாமே."

"விடப்படாது!"

ஜோசஃபின் தயங்கினாள். "உங்களுக்குத்தான் சாமியே இல்லேன்னு அம்மா சொன்னாங்க…"

உள்ளே ஜெயலக்ஷ்மி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இல்லேதான்," என்றார் தேசிகன். "அதுக்காக? புஸ்தகம்னா கடவுள் வாழ்த்தோட ஆரம்பிக்கணும். கடவுள் இருக்காரா இல்லையாங்கிறது வேற விஷயம்."

இப்படியாக, நம்பாதவர் வாழ்த்து வேண்டும் என்றார், நம்புகிறவள் கூடாது என்றாள். கடைசியில் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. வாழ்த்துப் பாடலை தேசிகன் மனப்பாடமாகத் தாமே சொல்லிவிடுவார். ஜோசஃபின் அடுத்த பக்கத்திலிருந்து தொடங்குவாள். அவர் சொல்லும்போது ஜன்னல் கம்பியில் விரலால் தாளம் தட்டுவார். வெளியே அவள் கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பாட்டு காதில் ஏறிவிடாதபடி, வாய்க்குள் மாதாவின் அருள் நிறைந்த மந்திரம் சொல்லுவாள். நாத்திகர் உரக்கவும் பக்தை மெதுவாகவும் பிரார்த்தனை செய்து முடித்த பிறகு இருவரும் வாய்மை, பொறுமை, ஈகை என்று போவார்கள்.

எந்த நூல் முடிந்தாலும் தேசிகன் மறுபடி அந்தச் சமண நூலுக்கே திரும்பினார். ஏன் என்று அவள் ஒரு தடவை கேட்டாள்.

"இந்த சாமி உலகத்தைப் படைக்கலே, ஜோசஃபின். படைச்சேன்னு சொல்லிக்கவும் இல்லே. அதனால இங்கே நடக்கிறது எதுக்கும் அவர் பொறுப்பில்லே. பிளேக்குக்கும் இல்லே. எனக்கு அவர்மேல ஒரு மனஸ்தாபமும் கிடையாது."

"படைக்கலேன்னா அப்புறம் எதுக்குங்க சாமி?"

"நல்லவரா இருந்து காட்டினார். அவ்வளவுதான் அவர் உத்தியோகம்."

அவள் அதைப் பின்னல் ஊசியோடு சேர்த்துச் சுழற்றிப் பார்த்தாள். "ஆனா சாமி பாக்கறாருன்னு இல்லாட்டி, ஜனங்க எதுக்காக ஐயா நல்லவங்களா இருக்கணும்?"

"பாக்கறார்னு நல்லவனா இருந்தா அதுக்குப் பேரு நல்லதனமா, பயமா?"

"பயமாவே இருந்துட்டுப் போகட்டுங்க. பயந்துகிட்டுப் போட்டாலும் சோறு சோறுதானே."

தேசிகன் வெகுநேரம் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரிப்பது அபூர்வம். என்னமோ ஏதோ என்று ஜெயலக்ஷ்மி கூடத்திலிருந்து ஓடிவந்து பார்த்தாள்.

லேஸ் பாடம் எப்போதோ முடிந்துபோனது. ஜெயலக்ஷ்மிக்குப் பின்னலும் வரவில்லை, அதில் ஆசையும் இல்லை. ஆனாலும் பிரம்பு நாற்காலி வெராண்டாவில் போட்டபடியே இருந்தது. அவள் வரக் கொஞ்சம் தாமதமானால் உள்ளேயிருந்து "ஜோசஃபின் வந்தாச்சா?" என்று ஒரு குரல் கேட்கும். வழியில் மழைக்கு ஒதுங்கி நிற்கும் நாட்களில் அந்தக் கேள்வியை நினைத்துக்கொண்டு, மழை விடுவதற்கு முன்பே அவள் நடக்கத் தொடங்கிவிடுவாள்.

இந்த விஷயத்தைப் பங்குச்சாமியார் காதில் போட்டது கேத்தரின்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை. பேச வேறு விஷயம் கிடைக்கவில்லை. சாமியார் பிரெஞ்சுக்காரர், நெஞ்சு வரை தாடி. தமிழை இலக்கணத்திலிருந்து கற்றவர், ஆகையால் கண்டோன்மென்டில் யாரும் பேசாத தமிழைப் பேசினார்.

"மகளே, நீ அங்கே யாது வாசிக்கிறாய்?"

"நீதிங்க சாமி. பொய் சொல்லாதே, குடிக்காதே, இல்லாதவனுக்குக் குடு…"

"நன்று. நீதி எங்கிருந்து வந்தாலும் நீதியே. ஆயின் அப்புத்தகங்களின் முகப்பில் அஞ்ஞான தேவர்களைத் துதிக்கும் பாட்டு இருக்குமன்றோ?"

"அதை நான் வாசிக்கிறதில்லீங்க."

"ஒருபோதும் வாசிப்பதில்லை என்று வாக்குக் கொடுப்பாயா?"

கொடுத்தாள். அதுவரை செய்யாததை இனியும் செய்வதில்லை என்று சொல்ல அவளுக்கு என்ன கஷ்டம்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, தேசிகன் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலப் பக்கம் முழுக்கப் போயிற்று, அதோடு பேச்சும் போயிற்று. டாக்டர் வந்து, வயதைக் கேட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார். கட்டிலை உள்ளறையில் போட்டார்கள். அவர் சாப்பிட மறுத்தார். இடக்கையை ஜன்னல் இருக்கும் திசையில் நீட்டிக்கொண்டே இருந்தார். மூன்றாவது முறை கஞ்சிக் கிண்ணம் தரையில் உருண்டபோது ஜெயலக்ஷ்மி, யாரையும் கேட்காமல், கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள்.

ஜோசஃபின் வழக்கம்போல் வந்தாள். வழக்கம்போல் உள்ளேயிருந்து வாழ்த்து வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வராது என்பது அப்போதுதான் உறைத்தது. புத்தகத்தைத் திறந்து இரண்டாம் பக்கத்திலிருந்து மெதுவாக வாசித்தாள்.

கம்பியில் ஓர் அடி விழுந்தது. தேசிகனின் இடக்கை. அவள் நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். மறுபடி அடி.

"என்ன ஐயா? வேற புஸ்தகமா?"

அதுவும் இல்லை. ஜெயலக்ஷ்மிக்குப் புரிந்தது. "அவருக்கு அந்த முதல் பாட்டு வேணும் டீச்சர். நான் சொல்லலாம்னா எனக்குத் தெரியாது. எங்காத்துக்காரரைக் கேட்டேன், அவருக்கும் தெரியாதாம்."

"எனக்கு… நான் சொல்லக் கூடாதுங்கம்மா."

"தெரியும். பேடா, வேண்டாம், விடுங்கோ. நீங்க சும்மா உக்காந்துட்டுப் போங்கோ, போதும்."

சும்மா உட்கார்ந்தாள். மறுநாளும் வந்தாள்; இரண்டாம் பக்கம், அடி, மௌனம். அதற்கு மறுநாளும் அப்படியே. வாழ்த்து இல்லாமல் நீதி இல்லை என்பதில் கிழவர் பிடிவாதமாக இருந்தார். கஞ்சி மறுபடி திரும்பிப் போகத் தொடங்கியது. கேட்பதற்கு ஒன்றும் இல்லாத வீட்டில் அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். ஜோசஃபின் நிலைமை இன்னும் மோசம். வாழ்த்தைச் சொன்னால் சாமியாருக்குக் கொடுத்த வாக்குப் போயிற்று, அதோடு பூசையில் வாங்கும் நற்கருணை அப்பமும் போயிற்று. சொல்லாவிட்டால் அந்த நாற்காலிக்கு இனி வேலை இல்லை. அவளுக்காகக் காத்திருந்த இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

வீட்டில் ரெமிஜியஸ் சொன்னான்: "போவாதக்கா. பேச்சு போன ஆளுக்குப் படிச்சா இன்னா, படிக்கலன்னா இன்னா."

அடுத்த நாளும் போனாள்.

அன்று தேசிகன் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. தாமே தொடங்கியிருந்தார். இடக்கை விரல் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தது. ஜோசஃபினுக்கு அந்தத் தாளம் தெரியும். எந்தத் தட்டில் எந்தச் சொல் விழும் என்றும் தெரியும். பாட்டின் முதல் அடி சரியாகப் போயிற்று. இரண்டாவது அடியின் நடுவில் விரல் நின்றது. முகம் சுருங்கியது. மறுபடி முதலிலிருந்து தட்டினார். மறுபடி அதே இடத்தில் நின்றது. நாக்கோடு சேர்ந்து பாட்டும் போய்க்கொண்டிருக்கிறது என்பது வெளியே இருந்தவளுக்குத் தெரிந்தது. மூன்றாம் முறை நின்றபோது கிழவரின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைக்க அவர் கை எடுக்கவில்லை. விரல் கம்பியிலேயே இருந்தது.

ஜோசஃபின் அடுத்த சொல்லைச் சொன்னாள்.

விரல் தட்டியது. அதற்கடுத்த சொல்லையும் சொன்னாள். இத்தனை வருஷமாக அருள் நிறைந்த மந்திரத்தைக் குறுக்கே போட்டுத் தடுத்த பாட்டு, ஓர் எழுத்துக்கூடச் சிந்தாமல் அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. புத்தகம் மடியில் மூடியே இருந்தது. கடைசி அடி வரை சொன்னாள். பிறகு முதலிலிருந்து ஒரு முறை, முழுதாக, உரக்கச் சொன்னாள். அதன் பிறகு புத்தகத்தைத் திறந்து இரண்டாம் பக்கத்தை வாசித்தாள். கம்பியில் அடி விழவில்லை. அன்று கஞ்சி உள்ளே போயிற்று.

"உங்க சாமியார் கோவிச்சுக்க மாட்டாரா டீச்சர்?" என்று ஜெயலக்ஷ்மி கேட்டாள்.

"கோவிச்சுக்குவாருங்கம்மா."

சனிக்கிழமை கோயிலில் அவள் இன்னொரு கம்பி வலைக்கு முன்னால் முழந்தாளிட்டாள். பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் பேசியதைச் சாமியார் யாரிடமும் சொல்லமாட்டார். ஜோசஃபின் கேத்தரினிடம் சொன்னாள், ஆகவே ஜீவனஹள்ளி முழுவதற்கும் தெரியும்.

"அஞ்ஞான தேவரை வாழ்த்தினேன் சாமி."

"எத்தனை முறை?"

"தினமும்."

"அதற்காக மனம் வருந்தி மனஸ்தாபப்படுகிறாயா?"

அவள் யோசித்தாள். உள்ளதை உள்ளபடி சொன்னாள். "இல்லீங்க சாமி."

"இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை உண்டா?"

"நாளைக்கும் போகணுங்களே."

வலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "மகளே, அப்படியாயின் உன்னை மன்னிக்க எனக்கு அதிகாரமில்லை." அவர் அதை வருத்தத்தோடுதான் சொன்னார். சர்வேசுரன் மன்னிக்கத் தயாராயிருந்தாலும், மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கடைசி வரிசையில் இருந்தாள். நற்கருணைக்கு எல்லாரும் எழுந்து போவார்கள். வரிசை முழுக்கக் காலியாகும். முக்காட்டோடு அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பாள். திரும்பி வருகிறவர்கள் அவள் முழங்காலில் இடிக்காமல் ஜாக்கிரதையாகக் கடந்து போவார்கள்.

"யாரும் கும்புடாத ஒரு சாமிக்காக நரகத்துக்குப் போறியே அக்கா," என்றாள் கேத்தரின். "நம்ம ஊர்ல அதுக்கு ஒரு கோயில்கூட கண்ணால பாத்ததில்ல."

"அந்தச் சாமிக்காகப் போறேன்னு யாரு சொன்னா?" என்றாள் ஜோசஃபின்.

ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் ஒன்று போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அதற்கடுத்த கோடையில் தேசிகன் இறந்தார். சாகும் வரை அவருக்கு ஒரு சொல்லும் திரும்பி வரவில்லை. காரியங்கள் சாஸ்திரப்படி நடந்தன, அவர் மறுப்புச் சொல்லும் நிலையில் இல்லை. பிரம்பு நாற்காலியை உள்ளே எடுத்துவிட்டார்கள்.

ஜோசஃபின் மறுபடி சாமியாரிடம் போனாள். இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை உண்டா என்று அவர் கேட்டார். "அவரு இல்லீங்களே சாமி," என்றாள். வேதசாஸ்திரத்தில் இது மனஸ்தாபம் ஆகாது. சாமியாருக்கு அன்று களைப்பாக இருந்திருக்கவேண்டும், அல்லது அவர் நல்லவராக இருந்திருக்கவேண்டும். கையை உயர்த்தி மன்னித்துவிட்டார்.

அவள் அதன்பிறகும் வெகுகாலம் இருந்தாள். இருபத்தொன்றாம் வருஷம் மறுபடி கணக்கெடுக்க வந்தார்கள். இந்த முறை வந்தவர் கேள்விகூடக் கேட்கவில்லை. முற்றத்தில் உட்கார்ந்திருந்தவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொழில் இல்லை, எழுத்தறிவு இல்லை என்று அவரே எழுதிக்கொண்டார்.

ஜோசஃபின், கண்ணும் பேச்சும் போன ஒருவருக்கு, அவர் சாகும் வரை தினமும் கடவுள் வாழ்த்துச் சொன்னாள்; பிறகு புத்தகத்தைத் திறந்து வாசித்தாள்.